பூஜ்யம் போட்ட சீட்டு

முன்பு எங்கள் ஆட்டோவில் நான்கு பெண்கள் போவோம்.
முனிலட்சுமி, நூர்ஜா, புட்டதாயம்மா,
டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நான்.
ஸ்ரீராமபுரத்திலிருந்து பீன்யா, தலைக்கு இருபத்தைந்து.
எனக்கு மட்டும் இலவசம்.
அந்தச் சொல்லை அப்போது யாரும் சொல்லவில்லை,
பெண்டாட்டி என்றார்கள்.

பிறகு அரசாங்கம் பஸ்ஸில்
எல்லாப் பெண்களையும் சும்மா ஏற்றிக்கொண்டது.
முதல் நாள் நூர்ஜா போனாள். மறுநாள் மற்ற இருவரும்.
ஒரு வாரம் அற்புதநாதன் தெருமுனையில்
ஹாரன் அடித்துப் பார்த்தார்.
எட்டாம் நாள்,
உனக்காக மட்டும் பீன்யா வரைக்கும் காஸ் எரிக்கவா என்றார்.
நானும் பஸ் ஏறினேன்.
போகச் சொன்னவர் அவர்தான்.
போனதற்கு இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

கண்டக்டர் கிழித்துத் தரும் சீட்டில்
ஏறுமிடம் உண்டு, இறங்குமிடம் உண்டு,
தொகைக்கு நேரே பூஜ்யம்.
சாயங்காலம் திரும்பி வர முன்பெல்லாம் இருபது ரூபாய்.
இருபத்தாறு நாளைக்கு ஐந்நூற்று இருபது.
பெனினாவின் கணக்கு டியூஷன் அதில்தான் நடக்கிறது.
டியூஷன் போகிறவள் ஒருநாள் நோட்டின் பின்பக்கத்தில்
அப்பாவுக்குப் போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது,
அம்மாவுக்கு மிச்சம் ஐந்நூற்று இருபது என்று
கழித்துக் காட்டினாள்.
அந்த நேரத்தில் அவருக்குக் கிடைக்கிற வேறு சவாரியை
அவள் சேர்க்கவில்லை. அவரும் சேர்க்கவில்லை.
நான் சேர்த்தேன், வாய்க்குள்.

டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர்
இலவசம் மனிதனைச் சோம்பேறியாக்கும் என்றார்.
அன்றைக்கு நானூற்று எழுபது காலர் தைத்திருந்தேன்.
எதிரே உட்கார்ந்திருந்தவர்
ஏழைத் தாய்மார்கள் என்று ஆரம்பித்தார்.
அதுவும் பிடிக்கவில்லை. சத்தத்தைக் குறைத்தேன்.

ஆகஸ்ட் மழையில் ஒரு ராத்திரி பெனினாவுக்குக் காய்ச்சல்.
பஸ் இல்லை.
அவர் போனை எடுக்கவில்லை.
ஆப்பைத் திறந்தேன். எப்போதும் தொண்ணூறு காட்டுகிற தூரம்
முந்நூற்றுப் பத்து காட்டியது.
விலைக்கு என் முகம் தெரியாது,
மடியில் கொதிக்கிற பிள்ளையையும் தெரியாது.
ஆனாலும் நான்கு நிமிடத்தில்
வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது,
அதையும் சொல்ல வேண்டும்.
அதே மழையில் எங்கோ
இவரும் யாரையோ அதே விலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.
விடிந்ததும் ஈர நோட்டுகளை
மிக்ஸி மேல் காயப் போட்டுவிட்டு
நல்ல மழை என்றார்.
காய்ச்சலைச் சொன்னேன். முந்நூற்றுப் பத்தைச் சொல்லவில்லை.

ஆட்டோக்காரர்கள் ஸ்டிரைக் செய்த அன்று
எனக்கும் வேலை இல்லை.
கடல் தாண்டி யாரோ சட்டை வாங்கவில்லையாம்,
இரண்டு லைனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
முருங்கைக்காய் சாம்பார் வைத்து, கேரியரில் அடைத்து,
ஃப்ரீடம் பார்க்குக்கு எடுத்துப் போனேன்.
மைக்கில், எங்கள் வயிற்றில் அடிக்காதே.
இவர் கையில் அட்டை: இலவச பஸ்ஸை நிறுத்து.
சாப்பாட்டைப் பார்த்ததும்
அட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.
எப்படி வந்தே என்று கேட்கவில்லை.

கேரியரின் அடித்தட்டில் ஈரத்தோடு ஒட்டியிருந்தது சீட்டு.
உரித்தெடுத்தார். படித்தார்.
பூஜ்யத்தை விரலால் ஒருமுறை தடவினார்,
அழியுமா என்று பார்க்கிறவர் மாதிரி.
பிறகு மென்ற முருங்கைச் சக்கையை அதில் மடித்து
பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
குப்பைத்தொட்டி தூரத்தில் இருந்தது.

திரும்புகையில் மூன்று பஸ் நிற்காமல் போயிற்று.
படியெல்லாம் பெண்கள். நான்காவது
நிற்பது மாதிரி வந்து, நிற்கவில்லை.
கறுப்புத் துணி கட்டிய மீட்டரோடு
இவர் வண்டி என் பக்கத்தில் வந்தது.
ஏறு.
இன்னிக்கு சவாரி ஏத்தக் கூடாதுன்னு சொன்னாங்களே.
நீ சவாரியா?

ஓக்லிபுரம் சிக்னலில் ஒரு பஸ் பக்கத்தில் நின்றது.
ஜன்னலோரம் ஒருத்தி, கையில் சுருட்டிய சீட்டு,
மேலேயிருந்து எங்கள் வண்டியைப் பார்த்தாள்.
காலியான பின்சீட்டைப் பார்த்தாள்.
முன்னால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.
இவர் அண்ணாந்து அவளை முறைத்தார்.
முறைத்துக்கொண்டே
கால் நீட்ட எனக்குக் கொஞ்சம் இடம் விட்டார்.

பச்சை விழுந்தது. பஸ்தான் முதலில் நகர்ந்தது.